சாமியார் விட்டாலும் ஊர் விடாத ஒருசந்தி

கத்தோலிக்கக் கோயில்களில், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிகிற நேரத்தில் அறிவிப்பு வாசிப்பார்கள்: "வருகிற புதன்கிழமை ஒருசந்தியும் சுத்தபோசனமும் அனுசரிக்க வேண்டிய நாள்." ஒருசந்தி என்றால் சாப்பாட்டைக் குறைக்கும் நோன்பு, சுத்தபோசனம் என்றால் இறைச்சி விலக்குவது. அறிவிப்பு அதோடு நின்றுவிடும். யாருக்கு அது கடமை, யாருக்கு இல்லை என்ற அடுத்த வரி பெரும்பாலும் வருவதில்லை. சேலத்திலும் ஏற்காட்டிலும் நோயாளிகளை வீடு வீடாகப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தவக்காலம் முழுக்க வேலை வைப்பது அந்த விட்டுப்போன வரிதான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டார் என்பார்கள். பங்குகளில், அதாவது ஒரு சாமியாரின் பொறுப்பில் இருக்கும் கோயில் வட்டாரங்களில், நடப்பது வேறு மாதிரி. சாமியார் தாராளமாக விட்டுவிடுவார். அக்கம்பக்கத்து வீடுகள் கூடிச் செபிக்கும் அன்பியத்தில் பக்கத்தில் உட்காரும் அக்கா விடமாட்டார். சில வீடுகளில் நோயாளியே தன்னை விடமாட்டார். கடுமை வருவது சட்டத்திலிருந்து அல்ல, சட்டத்தை முழுதாகப் படிக்காததிலிருந்து. அதனால் முதலில் சட்டத்தைச் சொல்லிவிடலாம்.

கத்தோலிக்கருக்கு ஒருசந்தி கட்டாயமான நாட்கள் ஆண்டில் இரண்டே: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறைகிறவர் வரைதான் அது கடமை. ஒரு வேளை முழுச் சாப்பாடு. மற்ற இரண்டு வேளையும் கொஞ்சமாக ஏதாவது சாப்பிடலாம். பட்டினி என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இறைச்சி விலக்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. நோயுற்றவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்களை ஒருசந்தி கட்டாது என்பது திருச்சபையின் நெடுநாளைய நடைமுறை. சந்தேகமான இடத்தில் விலக்கு அளிக்கவும், அதை வேறு நற்செயலாக மாற்றித் தரவும் பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1245-ஆம் எண் அதைச் சொல்கிறது. ஆயர் இல்லத்துக்கு எழுதிப்போட வேண்டியதில்லை.

நாற்பது நாளும் ஒருசந்தி இருக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். உடம்பு இடம் கொடுத்தால் நல்லது, மரியாதைக்குரியதும்கூட. ஆனால் 72 வயது ஆயா சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு மூன்று மணி வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பதைப் பக்தி என்று பாராட்டுவது ஆபத்து.

இங்கே கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும். பெரிய வெள்ளி மார்ச் 20-க்கும் ஏப்ரல் 23-க்கும் நடுவில் எந்த நாளிலும் வரலாம். சேலத்தில் அது வெயில் காலம். காலையில் சிலுவைப்பாதை, மதியம் மூன்று மணிக்கு வழிபாடு, அதில் யோவான் எழுதிய பாடுகளின் வரலாறு நீளமாக வாசிக்கப்படும், எல்லாரும் நிற்பார்கள். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வேளைச் சாப்பாட்டை விட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. டாபாகிளிஃப்ளோசின் வகை சாப்பிடுகிறவர்கள் வெயிலில் தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் உடம்பு வறண்டு வேறு வகைச் சிக்கல் வரும். ரத்த அழுத்தத்துக்கு, அதிலும் நீர் பிரிகிற மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நெடுநேரம் நின்றால் தலைசுற்றி விழுவார்கள்.

இரண்டு விதமாகத் தப்பு நடக்கிறது. ஒன்று, காலை மாத்திரையைப் போட்டுவிட்டு இட்லியை விடுவது. இன்னொன்று, "சாப்பிடாததால் மாத்திரை வேண்டாம்" என்று தாமாகவே இரண்டையும் நிறுத்திவிட்டு, வழிபாடு முடிந்து வந்து கஞ்சியை வயிறு முட்டக் குடிப்பது. முதலாவதில் சர்க்கரை பாதாளத்துக்குப் போகும், இரண்டாவதில் உச்சிக்கு ஏறும். ஒருசந்தி இருந்தே தீருவேன் என்கிறவரை ஒரு வாரத்துக்கு முன்பே மருத்துவரிடம் அனுப்பி, அன்றைக்கு மட்டும் எந்த மாத்திரை, எவ்வளவு, எப்போது என்று சீட்டில் எழுதி வாங்கிவரச் சொல்வதுதான் வழி. வியாழக்கிழமை இரவு போன் போட்டுக் கேட்கிற காரியம் இல்லை.

கோயிலில் ஒருவருக்குக் குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், பேச்சில் குழப்பம், காரணமில்லாத எரிச்சல் வந்தால் "வெயில்தான்" என்று விசிறிக்கொண்டு நிற்கக்கூடாது. நினைவு இருந்தால் அரை டம்ளர் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சரியாகவில்லையென்றால் அதே அளவு இன்னொரு முறை. சரியான பிறகு பிஸ்கட்டோ இட்லியோ சாப்பிட வைக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். சர்க்கரை அளக்கும் கருவி ஒன்று, குளுக்கோஸ் பாக்கெட் இரண்டு, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் சில; இவை பெரிய வெள்ளியன்று சக்ரீஸ்தில் (பூசைப் பொருட்கள் வைக்கும் அறையில்) இருந்தால் போதும். கருவியில் 70-க்குக் கீழே காட்டினால் தாமதிக்க வேண்டாம். கருவியின் பட்டைக்குக் காலாவதித் தேதி உண்டு. வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிற பொருளாக இருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஆயா கேட்பார்: "இத்தனை வருசமா இருந்துட்டு இப்ப உட்டா சாமி என்னங்க நெனைக்கும்?" அந்த இடத்தில் "உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்வது வேலை செய்யாது. தள்ளிவைத்த மாதிரி ஆகிவிடும், அடுத்த வாரம் யாருக்கும் சொல்லாமல் இருந்துவிடுவார். "ஃபாதர் மாத்திக் கொடுத்திருக்காருங்க" என்று சொல்லுங்கள். முடிந்தால் ஃபாதரையே நேரில் சொல்லவையுங்கள். மாற்றாக ஒரு வேலையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அன்றைய ஒரு வேளைச் சாப்பாட்டை அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக இருக்கும் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பலாம். ஏசாயா 58-ஆம் அதிகாரம் கேட்கிற நோன்பு அதுதான்: பசித்தவரோடு உணவைப் பகிர்வது.

நேர்த்திக்கடன் என்றால் இன்னும் இறுக்கம் அதிகம். "வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றேன்னு நேர்ந்துக்கிட்டேன்" என்று முட்டி தேய்ந்தவர் சொன்னால், சட்டம் இரண்டு கதவு வைத்திருக்கிறது. 1196-ஆம் எண்படி தகுந்த காரணத்துக்காகப் பங்குத்தந்தை தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்கலாம். 1197-ஆம் எண்படி, நேர்ந்துகொண்டவரே அதற்குச் சமமான அல்லது மேலான நற்செயலாக அதை மாற்றிக்கொள்ளலாம். யாரையும் கேட்கத் தேவையில்லை. இந்த இரண்டாவதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு.

பூசையில் வாங்கும் நற்கருணைக்கு முன் நோன்பு விஷயத்தில் பழைய நினைவு இன்னும் போகவில்லை. நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த காலம் ஒன்று உண்டு. தண்ணீர் நோன்பை முறிக்காது என்று போப்பாண்டவர் 12-ஆம் பத்திநாதர் 1953-இல் தளர்த்தினார். 1957-இல் அது மூன்று மணி நேரமாக ஆனது. 1964-இல் போப்பாண்டவர் 6-ஆம் சின்னப்பர் ஒரு மணி நேரமாகக் குறைத்தார். இன்றுவரை அதுதான். அந்த ஒரு மணி நேரமும் நற்கருணை வாங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும், பூசை தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல. தண்ணீரும் மருந்தும் கணக்கில் வராது. முதியோர், நோயாளிகள், அவர்களைப் பராமரிக்கிறவர்கள் ஆகியோருக்கு அந்த ஒரு மணி நேரமும் கிடையாது. 919-ஆம் எண்ணின் மூன்றாம் பத்தி. பராமரிக்கிறவர்களையும் சேர்த்தே சொல்லியிருப்பதைக் கவனிக்க வேண்டும். இரவு முழுக்கக் கண்விழித்த மருமகள் ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டதால் நற்கருணை வாங்காமல் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. மலைக் கிராமங்களில் ஒரே சாமியார் இரண்டு மூன்று இடம் சுற்றி வரும்போது பூசை பதினொரு மணிக்குத் தள்ளிப்போகும். இரவுச் சாப்பாட்டோடு வயிற்றைக் காயப்போட்டுக் காத்திருக்கும் கிழவர்களுக்கு இதை ஒரு முறையாவது மைக்கில் சொல்ல வேண்டும்.

தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ. சபைகளில் இப்படி எண் போட்ட சட்டம் இல்லை. லெந்து என்கிற தவக்கால நாட்களை அவரவர் மனச்சாட்சிப்படி அனுசரிக்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் அழுத்தம் உபவாச ஜெபத்திலிருந்தும் முழு இரவு ஜெபத்திலிருந்தும் வருகிறது, சில இடங்களில் "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு" என்ற பேச்சிலிருந்தும். அங்கே போய்ச் சட்ட எண் பேசிப் பயனில்லை. வசனம் எடுத்தால் கேட்பார்கள்: வயிற்றுக் கோளாறுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடு என்று தீமோத்தேயுவுக்கு எழுதினவர் பவுல். அவரோடு இருந்த லூக்கா வைத்தியர்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்கு வருவோம். 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டுக்கு வந்தது காப்பி. அரபிக்கா பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை போகும்; திருவருகைக்காலமும் கிறிஸ்துமஸும் சரியாக அதற்குள் விழுகின்றன. பறித்த பழத்தை அன்றைக்கே தோல் நீக்கும் பல்ப்பரில் விட வேண்டும். குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துக் காப்பியின் ருசி கெடும். ஆகவே "ஞாயிற்றுக்கிழமை எந்த வேலையும் கூடாது" என்று மேடையில் சொல்வது சுலபம், களத்தில் நிற்கிற மேஸ்திரிக்கு அது உதவாது.

இயேசு இந்த மாதிரி இடங்களில் எப்படி வாதாடினார் என்று பார்த்தால் வழி கிடைக்கும். ஓய்வுநாளே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. 18 ஆண்டுகளாகக் கூனிப்போயிருந்த பெண்ணைக் குணமாக்கியபோது தொழுகைக்கூடத் தலைவர் கோபித்துக்கொண்டார். "உங்களில் ஒவ்வொருவரும் ஓய்வுநாளில் மாட்டைத் தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதில்லையா" என்று லூக்கா 13-இல் அவர் திருப்பிக் கேட்டார். எதிரிலிருப்பவர் ஏற்கெனவே கடைப்பிடிக்கிற விலக்கை எடுத்து, மாட்டுக்கு இருப்பது மனுஷிக்கு ஏன் இல்லை என்கிறார். இன்னொரு விஷயம்: சட்டத்தில் கறாரான யூதப் பிரிவினரான பரிசேயர் எல்லாரையும் கல்நெஞ்சர்களாகக் காட்டும் பிரசங்கங்கள் சரியல்ல. உயிருக்கு ஆபத்தென்றால் ஓய்வுநாள் விலகிக்கொள்ளும் என்பது யூத மரபே ஏற்ற விதி. ஓய்வுநாளில் தாக்கப்பட்டால் எதிர்த்துப் போரிடலாம் என்று அந்நிய ஆட்சியை எதிர்த்துப் போராடிய யூதர்களான மக்கபேயர் காலத்திலேயே முடிவெடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்தில்லாத, ஆனால் நெடுநாள் துன்பப்படுகிறவரை நாளைக்கு வா என்று சொல்லலாமா என்பதுதான் அங்கே சண்டை.

எஸ்டேட்டில் அந்தக் கேள்வியை வேலையாக மாற்றினால் இப்படி வரும். சனிக்கிழமை பறிப்பை மதியத்தோடு நிறுத்தி, மாலை ஆறு மணிக்குள் பல்ப் அடித்துத் தொட்டியில் விட்டால், மலைக் குளிரில் அரபிக்கா புளிக்க 24 முதல் 36 மணி நேரம் பிடிக்கும். டிசம்பர் குளிரில் பெரும்பாலும் அந்த நீண்ட கணக்குதான். கழுவும் வேலை திங்கள் விடியற்காலைக்குப் போய்விடும். ஆனாலும் ஞாயிறு சாயங்காலம் தொட்டியில் கையை விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். வழுவழுப்பு போய்க் கொட்டை சொரசொரப்பாகிவிட்டால் அப்போதே கழுவியாக வேண்டும். அளவுக்கு மீறிப் புளித்தால் நிறமும் மணமும் போகும். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை மிஞ்சுவது களத்தில் காயும் கொட்டையைக் கிளறுவதும் மாலையில் மூடுவதும்தான். அதற்கு இரண்டு பேர் போதும், அதையும் வாரா வாரம் ஆள் மாற்றி வைக்கலாம். மழை வந்தால் எல்லாரும் ஓடிவந்து மூட வேண்டியதுதான். குழியில் விழுந்த ஆடு என்று மத்தேயு 12 சொல்வது இதைத்தான். விலை ஏறுகிறது என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை புதிதாகப் பறிப்பைத் தொடங்குவது குழியில் விழுந்த ஆடு அல்ல.

அப்படிப் பறிக்கக் கூப்பிட்டால் போகிற பெண்ணை யாரும் திட்ட வேண்டாம். பள்ளிக் கட்டணத்துக்காகப் போகிறாள். விவிலியத்தின் இணைச்சட்டம் 5-ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளை வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போல ஓய்வு பெற வேண்டும் என்கிறது, பேசுவது எஜமானரிடம். ஞாயிறு காலைப் பூசையை முடித்துக்கொண்டு சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போய், ஓட்டலில் பரிமாறுகிற பையன் ஏன் கோயிலுக்கு வருவதில்லை என்று விசாரிக்கிற குடும்பங்களும் இருக்கின்றன.

ஞாயிறு பூசைக்கு வர முடியாதவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: சனிக்கிழமை மாலைப் பூசை ஞாயிறு கடமையை நிறைவேற்றும். காய்ச்சலில் படுத்திருப்பவர், கைக்குழந்தையைப் பார்க்க வேறு ஆளில்லாதவர், இரவுப் பணி முடிந்து நேராக அடுத்த ஷிப்டுக்குப் போகும் செவிலியர் ஆகியோர் அனுமதி கேட்கவே வேண்டாம்; இயலாமையே விலக்கு. வரமுடியும் ஆனால் பெரிய சிரமம் என்றால் பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை. பூசையே நடக்காத தோட்டத்தில், குடும்பமாகவோ கூட்டமாகவோ அன்றைய வாசகங்களை வாசித்துச் செபிக்கச் சட்டம் பரிந்துரைக்கிறது.

நோயாளிக்குச் சாமியார் எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில் பூசுதலைப் பற்றி ஒன்றே ஒன்று. மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகு அழைக்காதீர்கள். பெரிய அறுவைசிகிச்சைக்கு முன்பே கேட்கலாம், நோய் முற்றினால் மறுபடியும் கேட்கலாம். இரவில் மலையில் வண்டி ஏறி இறங்க ஆகும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். விழுங்க முடியாதவருக்கு நற்கருணையின் மிகச் சிறிய துணுக்கும் தண்ணீரும் போதும். அதுவும் முடியாவிட்டால் திரு இரத்தத்தை (அர்ச்சித்த திராட்சரசத்தை) மட்டும் கொடுக்க 925-ஆம் எண் இடம் தருகிறது. அதை முன்கூட்டியே சொன்னால்தான் சாமியார் ஏற்பாட்டோடு வருவார்.

கடைசியாக அடக்கம். சட்டத்தின் பெயரால் மிகப் பெரிய காயம் ஏற்படுகிற இடம் இதுதான்.

புனித வாரத்தில் சாவு விழுந்தால் குடும்பம் தடுமாறும். பெரிய வியாழன், பெரிய வெள்ளி, புனித சனி ஆகிய நாட்களில் அடக்கத் திருப்பலி, அதாவது அடக்கப் பூசை, கிடையாது. தவக்கால ஞாயிறுகளிலும் கிடையாது. ஆனால் திருப்பலி இல்லாத அடக்கச் சடங்குக்குத் தடையே இல்லை. இது தெரியாமல் ஏப்ரல் வெயிலில் குளிர்பெட்டிக்கு நாள் வாடகை கொடுத்துக்கொண்டு, உயிர்ப்பு ஞாயிறு தாண்டித் திங்கட்கிழமை வரை உடலை வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமையே சடங்கோடு அடக்கம் செய்துவிட்டு, அடுத்த வாரம் திருப்பலி வைக்கலாம். பெரிய வெள்ளியன்று நோயாளிக்கு எந்த நேரத்திலும் நற்கருணை கொண்டுபோகலாம். புனித சனியன்று சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும்.

கோயில் வரி பாக்கி இருக்கிறது, கட்டினால்தான் கல்லறையில் இடம் என்று நிறுத்துவது சில பங்குகளில் இன்னும் உண்டு. 1181-ஆம் எண் இதற்கு நேர் எதிர்: அடக்கச் சடங்கில் ஆள் பார்த்து நடக்கக்கூடாது, ஏழைகளுக்கு உரிய அடக்கம் மறுக்கப்படக்கூடாது. 848-ஆம் எண் திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருளடையாளங்கள் எல்லாவற்றுக்கும் இதையே சொல்கிறது. சாவு வீட்டில் நின்று இந்த எண்களை வாதாடுவது கைகலப்பில்தான் முடியும். யாரும் சாகாத ஒரு மாதத்தில், பங்குப் பேரவைக் கூட்டத்தில், "நிலுவை காரணமாக எந்த அடக்கமும் நிறுத்தப்படாது" என்று ஒரு தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பாக்கிப் பேச்சை முப்பதாம் நாளுக்குப் பிறகு, வீட்டில், ஒரே ஒரு ஆள் போய்ப் பேசட்டும். அறிவிப்புப் பலகையில் பெயர்ப் பட்டியல் ஒட்ட வேண்டாம். பெட்டிக்கும் குழி வெட்டுவதற்கும் பணம் இல்லாத வீட்டுக்கு ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சங்கம் இருக்கும் பங்குகளில் அங்கே சொன்னால் நடக்கும். கோயிலுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லிப் பெற்றோருக்கு உதவாமல் இருந்ததை மாற்கு 7-இல் இயேசு கண்டித்தார். பேரவையில் அதை வாசிக்கச் செய்து பிறகு தீர்மானத்தை எடுப்பது நல்ல முறை.

தற்கொலை செய்துகொண்டவருக்கு அடக்கத் திருப்பலி கிடையாது என்பது 1917-ஆம் ஆண்டுச் சட்டம். 1983-இல் வந்த தொகுப்பில் அந்தத் தடை இல்லை. கடும் மனச்சிக்கலும் பயமும் அவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவருக்காகத் திருச்சபை செபிக்கிறது என்றும் திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏட்டின் 2282, 2283-ஆம் எண்கள் சொல்கின்றன. ஆனால் ஊரில் கல்லறையின் ஓரத்தில், சுற்றுச்சுவரை ஒட்டி இடம் காட்டுகிற பழக்கம் சட்டம் மாறியதால் தானாக மாறிவிடவில்லை. இடத்தை யார் காட்டுவது என்பதைச் சாமியார் முன்பே தன் கையில் எடுத்துக்கொண்டால்தான் தப்பலாம். குழி வெட்டுகிறவரிடம் வரிசைப்படி அடுத்த இடம் என்று நேராகச் சொல்லிவிட வேண்டும்.

குடும்பத்துக்கு அந்த இரண்டு நாளும் ஒருவர் கூடவே வேண்டும். காவல் நிலையத்தில் புகார், விசாரணை, பிரேதப் பரிசோதனை என்று வரிசையாகப் போகும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இந்த விசாரணைக்கான 174-ஆம் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194. தற்கொலை வழக்கில் இரவில் பரிசோதனை செய்வது பொதுவாகக் கிடையாது என்பதால் உடல் மறுநாள்தான் கைக்கு வரும். பூசை நேரத்தை அதற்கு முன் அறிவித்துவிட வேண்டாம். பரிசோதனை முடிந்து சுற்றிக்கொடுத்த துணியை வீட்டில் அவிழ்க்காமல் முகம் மட்டும் காட்டுவது நல்லது. மறையுரையில் எப்படி இறந்தார் என்று பேசவேண்டியதில்லை. முப்பதாம் நாள் பூசைக்கருத்தை (யாருக்காகப் பூசை என்பதை) வாசிக்கும்போது மற்றவர்கள் பெயரை வாசிக்கிற மாதிரியே அவர் பெயரையும் வாசியுங்கள், குடும்பத்தார் முன்வரிசையில் உட்கார விரும்புகிறார்களா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.